ஐம்பத்து மூன்று

நான் எடை போடுகிறவன்.
ஸ்பிரிங்டேல் கோழி ஆலையில் இரவு ஷிப்ட்;
கொக்கியில் தொங்கி வருவதையெல்லாம்
தராசில் பார்த்து அனுப்புவது பிழைப்பு.
அங்கே கனம் என்றால் காசு.

அதனால்தான்
அவனைக் கிடத்தி நாலு கிலோ எழுநூறு என்றதும்
வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
வாசலில் நின்ற மச்சான் ரித்தன்
தேவாலயத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் போன் போட்டான்:
மல்லன் பிறந்திருக்கிறான், மல்லன்!
நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை.
கடிகாரத்தைப் பார்த்தாள்.

மர்லீன் என்று பெயர். ஓசார்க் மலைக்காரி,
வார்த்தையை மென்று மென்றுதான் வெளியே விடுவாள்.
ஒன்பது மாதமும் அம்மாவின் ரத்தத்தில் சர்க்கரை கூடுதல்,
அதற்கு ஈடாக இன்சுலின் சுரந்து சுரந்து
இவன் உடம்பு பழகிவிட்டது என்றாள்.
தொப்புள்கொடியை வெட்டியாயிற்று. வரவு நின்றது.
பழக்கம் நிற்கவில்லை.

எனக்குப் புரிந்தது.
எங்கள் தீவுகளில் படகில் நீர் இறைப்பவன்
கரை தட்டியது தெரியாமல்
வெறும் பலகையைச் சுரண்டிக்கொண்டிருப்பான்.

குதிகாலில் ஊசி.
ஒரு சொட்டு.
முப்பத்தொன்று.

கன்னத்துக்குள் சர்க்கரைக் கூழைத் தடவினாள்,
ஆணி ஓட்டையில் மாவு பூசுகிற மாதிரி, அவசரமில்லாமல்.
அவன் கை நடுங்கியது.
குளிர் என்று நினைத்துப் போர்வையை இழுத்தேன்.
அவள் அந்தக் கையை இரண்டு விரலால் பிடித்தாள்.
பிடித்ததும் நின்றது.
"நல்லது" என்றாள்.
பிடித்தும் நிற்காவிட்டால் என்ன என்று
நான் கேட்கவில்லை.

தெர்லினா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.
நான் தின்ற சோறு, நான் குடித்த சோடா என்று
சுவரிடம் சொன்னாள்.
பதில் தெரியாத மனிதன் நான்.
குழந்தையைத் தூக்கி
அவள் வெறும் மார்பில் வைத்தேன்.

அப்புறம்தான் அந்தப் பால் ஞாபகம் வந்தது.
கடைசி மூன்று வாரம் ராத்திரி ராத்திரி
சமையலறை மேசையில் உட்கார்ந்து
கையாலேயே பீய்ச்சினாள்.
கடுகு கடுகாய் விழும் மஞ்சள் சீம்பால்.
சிரிஞ்சில் உறிஞ்சித் தேதி ஒட்டி
ஃப்ரீசரில், கானாங்கெளுத்திப் பொட்டலத்துக்குப் பக்கத்தில்.
இதை வைத்து எறும்புக்குக்கூடப் பசியாறாது என்று
கேலி செய்தவன் நான்.
அந்த நானேதான்
மூன்று சிக்னலைத் தாண்டி ஓட்டினேன்,
மீன் வாடை போகாத ஐஸ் பெட்டி மடியில்.

ஆறு சிரிஞ்ச். முதலில் ஒன்றை
உள்ளங்கைச் சூட்டில் உருக்கினாள் மர்லீன்.
அவன் சப்புக்கொட்டினான்.

முப்பத்தெட்டு.
மறுபடி கூழ், மறுபடி சீம்பால்.
நாற்பத்தொன்பது.
மூச்சு விட்டேன்.
நாற்பத்தாறு.
விட்டதை வாங்கிக்கொண்டேன்.

விடியற்காலை இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஊசி.
அவளுக்கு விரலில், அவனுக்குக் குதிகாலில்.
இரண்டும் ஒரே அளவுச் சொட்டு.
அவளுக்கு நூற்றெண்பது, அவனுக்கு ஐம்பத்தொன்று.
கூட்டிப் பாதியாக்கினால் இரண்டு பேரும் தப்பித்தார்கள்
என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.
இரவு முழுக்க அழுத தெர்லினா
முதல் முறையாகச் சிரித்தாள்,
என் மூளையைப் பார்த்து.

மூன்றாம் நாள் ஆலைக்குத் திரும்பினேன்.
பக்கத்துக் கொக்கியில் நிற்கும் எவெலியோ
இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தினான்:
"பையன் என்ன கனம்?"

"ஐம்பத்து மூன்று" என்றேன்.

அவன் கையுறையைக் காதில் வைத்து
இன்னொரு முறை சொல்லச் சொன்னான்.